உள்ளே இருப்பவர் பேச்சைக் கேட்காத கார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: காரின் ஏசி, கண்ணாடி ஆகியவை ஒரே நேரத்தில் பலர் கட்டளைக்கு ஆடுவது பற்றி

ஐயா,

உங்கள் மின்சாரக் காரை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் ஒரு மதியம் கோவை காந்திபுரத்தில் நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்குக் கண் பரிசோதனை முடிந்தது. வெளியே வருவதற்கு முன்பே போனில் ஏசியைப் போட்டுவிட்டேன். அது பத்து நிமிடம் ஓடும். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, ஸ்கிரீனில் தானே குளிரைக் கூட்டி வைத்துக்கொண்டார். நான் சொட்டு மருந்து வாங்க எதிர்க் கடைக்குப் போனேன். சாவி என் பையில் இருந்ததால், நான் நகர்ந்ததும் வண்டி தானாகப் பூட்டிக்கொண்டது.

பத்து நிமிடம் ஆனதும் ஏசி நின்றது. நான் போட்டது முடிந்தது, சரி. அப்பா போட்டது ஏன் நிற்க வேண்டும்? அவர் மறுபடி போட்டார். வீட்டிலிருந்த என் மனைவியின் போனுக்கு, 'வண்டி பூட்டியிருக்கிறது, ஏசி ஓடுகிறது' என்று செய்தி போயிருக்கிறது. நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்து அவள் அணைத்தாள். இவர் போட, அவள் அணைக்க, இப்படியே மூன்று தடவை. உள்ளே ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாது. அணைப்பது மருமகள் என்பது இவருக்குத் தெரியாது.

புழுக்கம் தாங்காமல் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். பூட்டிய வண்டியில் கண்ணாடி திறந்திருக்கக் கூடாது என்று உங்கள் மென்பொருளுக்கு ஒரு விதி போலிருக்கிறது; அது ஏற்றியது. விளிம்பில் இருந்த விரல் பட்டதும் கண்ணாடி திரும்ப இறங்கியது, நல்லவேளை. நான் வந்தபோது சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார். "டேய், வண்டிக்குள்ள ஏதோ இருக்குதுடா" என்றார்.

உங்கள் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, 'ஃபால்ட் கோடு எதுவும் இல்லை, எல்லாம் நார்மல்' என்றார்கள். நம்புகிறேன். டைமர், ஆப், பூட்டு எல்லாம் தன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. யார் சொல்வதைக் கேட்பது என்று முடிவு செய்யத்தான் அங்கே ஆளில்லை.

நான் நூற்பாலையில் எலக்ட்ரீஷியன், இருபது வருடமாக. எங்கள் மோட்டார் பேனலில் 'லோக்கல் - ரிமோட்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதை லோக்கலில் திருப்பிவிட்டால் கன்ட்ரோல் ரூமிலிருந்து யார் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் அசையாது. பக்கத்தில் நிற்பவன் கைதான் சிக்கும் என்பதால் அவனுக்கே முதல் உரிமை. சில ஆயிரம் ரூபாய் பேனலில் இருப்பது உங்கள் காரில் இல்லை.

உங்கள் பொறியாளர் ஒருவர் போனில், 'கேன் நெட்வொர்க்கிலேயே முன்னுரிமை இருக்கிறது சார்' என்றார். காருக்குள் இருக்கும் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் வழிதான் கேன். போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய அந்த முறையில், இரண்டு செய்திகள் ஒன்றாகக் கிளம்பினால் சிறிய எண் உள்ளது முதலில் போகும், மற்றது காத்திருந்து பின்னால் வரும். யார் முதலில் பேசுவது என்பதற்கான ஏற்பாடு அது. யார் பேச்சை ஏற்பது என்பதை உங்கள் மென்பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால் பிரேக்குக்குத்தான் மதிப்பு என்று பல கார்களில் விதி வைத்திருக்கிறார்கள். ஏசிக்கும் கண்ணாடிக்கும் அப்படி ஒன்று வைக்க முடியாதா?

உள்ளே இருந்து அமுக்கியதை வெளியிலிருந்து வரும் கட்டளை மாற்றக் கூடாது. ஆப் போட்டதை மட்டும் ஆப்பின் டைமர் அணைக்கட்டும். கட்டளை ஏற்கப்படவில்லை என்றால், ஏன் என்று போனில் காட்டுங்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று ஒரு வரி வந்திருந்தால் என் மனைவி கை வைத்திருக்கவே மாட்டாள். அன்றைய கட்டளைப் பதிவுகளின் நகலும் எனக்கு வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதுவரை இரண்டு போனிலிருந்தும் உங்கள் ஆப்பை எடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
கோவை வாடிக்கையாளர்