நம் படிப்பகத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு,

சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம் திருத்த வேலைக்காகப் பூட்டிய நம் தேயிலைத் தோட்டத்துப் படிப்பகத்தை ஒருவழியாகப் புரட்டாசியில் திறந்துவிட்டோம். மூன்று மாதத்தில் முடிப்போம் என்று பொதுக்கூட்டத்தில் வாய் கூசாமல் சொன்னவன் நான்தான். ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஏன் ஆனது, நீங்கள் கொடுத்தது எங்கே போனது, எது இன்னும் இழுபடுகிறது என்பதையெல்லாம் சொல்லத்தான் இந்த அறிக்கை. கோவிலுக்குத்தானே திருப்பணி, படிப்பகத்துக்கு என்ன திருப்பணி என்று ஓர் ஐயா கேட்டார். கோவில் ஒழுகினாலும் வாளிதான் வைக்கிறோம், இங்கேயும் வாளிதான் வைத்தோம். பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் சண்டை இடிப்பதா வேண்டாமா என்பதில் வந்தது. இளைஞர்களில் பாதிப் பேர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். இந்தக் கட்டடம் பழைய பிள்ளைக்காம்பரா, தோட்டத்துப் பிள்ளை மடுவம். கொழுந்தெடுக்கப் போன அம்மாமார் நம்மில் பலரைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன இடம். அந்தப் பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டே பேசினோம். ஒன்றரை அடிக் கருங்கல் சுவரில் ஒரு வெடிப்புக் கிடையாது. அதை இடித்தால் அதே அளவுக்குச் சீமெந்தும் கம்பியும் வாங்க வேண்டும். உலகம் முழுவதும் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் 100க்கு 8 பங்கு அளவு சீமெந்துத் தொழிலிலிருந்து வருகிறது. பசுமை என்று பேசிக்கொண்டு நல்ல சுவரை உடைத்தால் கேட்பவர் சிரிப்பார்கள். அதோடு புதுக் கட்டடத்தின் அளவுக்குப் பின்பக்க மண்மேட்டை வெட்ட வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, மண் மூடியதைப் பார்த்த பிறகும் சரிவில் மண்வெட்டி வைக்கக் குழுவில் யாருக்கும் மனம் வரவில்லை. இடிப்பதில்லை என்று முடிவானது.

அடுத்தது, எப்படிப் பசுமையாக்குவது என்ற கேள்வி. தம்பி ஒருவர் கைப்பேசியில் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் படங்களைக் காட்டினார். 2005இல் திறந்த கட்டடம்; மாடிக்கு மாடி தோட்டம், வெயிலைத் தடுக்கும் மறைப்புகள். சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2016 முதல் பசுமை நூலகங்களுக்கு விருது கொடுக்கிறது என்றும் சொன்னார். நல்ல விஷயந்தான். அதைப் பார்த்து நாமும் கூரையில் புல் வளர்க்கலாமே என்றார் இன்னொருவர். நம் கூரையில் புல் வளரத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியை ஒரு வருடம் சுத்தம் பண்ணாமல் விட்டாலே போதும். விட்டும் பார்த்திருக்கிறோம்.

சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் கட்டடங்களின் சண்டை வெக்கையோடு. குளிரூட்டியின் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதான் அங்கே பெரிய வேலை. நமக்கு வெக்கை எங்கே இருக்கிறது? நம் எதிரி ஈரலிப்பு. இங்கிருந்து கூப்பிடு தூரத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. காற்றின் ஈரப்பதன் 65, 70 வீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். மேற்குச் சுவரோடு ஒட்டியிருந்த அலுமாரியைத் திறந்தவர்களுக்குத் தெரியும்: சோவியத் காலத்துப் பழைய மாஸ்கோப் பதிப்புகளின் முதுகில் மாவு தூவியது போல வெள்ளை, கீழ்த்தட்டில் சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் கட்டு ஒரே பலகையாக ஒட்டிக் கிடந்தது. ஆகவே இயந்திரம் எதுவும் ஓட்டாமல் புத்தகத்தை உலர்வாக வைப்பது என்ற ஒன்றையே திருப்பணியின் நோக்கமாக எடுத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சுவரில் தொடங்கினோம். கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர் இது. பல வருடத்துக்கு முன்னால் நாமேதான் உள்பக்கம் சீமெந்து பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தோம். அன்று பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கல்லுக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போனது. பெயின்ற் கொப்புளம் போட்டு, தட்டினால் தோல் போல உரிந்தது. சீமெந்துப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசுவது என்று தீர்மானித்தோம். சுண்ணாம்புக் கல் 900 பாகை அளவில் வெந்துவிடும், சீமெந்துக்கு 1450 பாகை வேண்டும். போதாததற்கு, இறுகும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

எங்கள் மேசன் பாஸ் (கொத்தனார்) முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “இந்தக் காலத்தில் யாருங்க சுண்ணாம்பு பூசுறது?” என்றார். அவருடைய பெரியப்பா வந்து கற்றுக் கொடுத்தார். மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த கற்சுண்ணாம்பைப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு கட்டியாகப் போடச் சொன்னார். போட்ட கணத்தில் சீறியது. அப்புறம் பானையில் சோறு பொங்குவது போலப் பொங்கி, ஆவி கூரை வரை எழும்பியது. பிள்ளைகளைக் கிட்ட விடாமல், கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தோம். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பத்து நாள் தண்ணீருக்கடியில் ஊறவிட்ட பிறகு அது தயிர் மாதிரி வழுவழுப்பாக வந்தது. பெரியப்பா விரலில் தொட்டு நகத்தில் தடவிப் பார்த்து, “இப்ப சரி” என்றார்.

தாமதம் வந்த இடமும் இதுதான். சுண்ணாம்பு இறுகக் காற்று உள்ளே போக வேண்டும். சுவர் நனைந்தபடியே இருந்தால் போகாது. மேற்குச் சுவரை வைகாசியில் எடுத்தோம், மறுவாரமே தென்மேற்குப் பருவமழை இறங்கியது. பூச்சு இரண்டு கிழமை பச்சையாகவே நின்று, ஒரு காலையில் வாசல் ஓரத்தில் பாயளவுக்குச் சரிந்து விழுந்தது. மாசியில் தொடங்கியிருந்தால் இந்தச் செலவு இருந்திருக்காது. மாசியில் தொடங்கலாம் என்று சொன்னது பெண்கள் பக்கம், புத்தாண்டு முடியட்டும் என்று தள்ளியது குழு. அந்தச் சுவரை ஆவணியில் திரும்பப் பூசினோம். கூலி இரட்டிப்பானதற்குக் குழுவே பொறுப்பு.

கூரையில் துருப்பிடித்த தகரங்களை மட்டும் மாற்றி, உள்ளே பலகைச் சீலிங் அடித்தோம். சீலிங் அழகுக்காக இல்லை. இரவுக் குளிரில் தகரம் சில்லிட்டு, உள்ளே இருக்கும் ஆவி அதில் பட்டு, விடியலில் சொட்டுச் சொட்டாகப் புத்தகத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மழையே இல்லாத நாளிலும் ஒழுக்கு என்று நாம் குழம்பியதற்குக் காரணம் அதுதான். பலகை எல்லாம் காற்றில் சாய்ந்த சவுக்கு மரங்களில் அறுத்தது. வண்டு வராமலிருக்கப் போறக்ஸும் போறிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தோம்.

முன் விறாந்தையின் அஸ்பெஸ்டஸ் சீற்றுகளை இந்த முறை தொடவில்லை. உடையாமல், அசையாமல் இருக்கும்வரை அவற்றால் பெரிய கேடில்லை. உடைத்தால், துளைத்தால், உரசினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். எல்லோரும் கூடி வேலை செய்த சிரமதானத்து அன்று ஒருவர் பாசியைச் சுரண்டக் கம்பித் தூரிகையோடு ஏணியில் ஏறிவிட்டார். இறக்கினோம். அவருக்கு இன்னும் கோபந்தான். முறையாகக் கழற்றி அகற்ற வழி செய்த பிறகே அதில் கை வைப்போம்.

தண்ணீர் கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். தகரக் கூரை கிட்டத்தட்ட 110 சதுர மீற்றர். அப்படியென்றால் 20 மில்லிமீற்றர் பெய்தாலே நம் 2000 லீற்றர் தாங்கி நிறைந்துவிடும். இங்கே அது அரை நாள் மழை. எச்சமும் தூசியும் சேர்ந்த முதல் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பிடிக்கிறோம். கழிப்பறைக்கும் தரை கழுவவும் மட்டும், குடிக்க இல்லை. அஸ்பெஸ்டஸ் பக்கத்துத் தண்ணீரைத் தாங்கிக்கு எடுக்கவில்லை.

நிரம்பி வழியும் தண்ணீர் பற்றித்தான் நிறைய யோசித்தோம். பசுமைக் கட்டடம் பற்றிய எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் உறிஞ்சுகுழி வெட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கு என்றுதான் இருக்கும். சமதரைக்கு அது நல்ல யோசனை. நம் சரிவில் மண்ணுக்குள் தண்ணீரை ஏற்றினால் மண் கனத்து இளகிவிடும். கீழே இருப்பது இரண்டு லயம். ஆகவே குழி வெட்டாமல், கல் பதித்த கான் (வடிகால்) போட்டு ஓடை வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். கானில் இலை அடைத்தால் இந்த ஏற்பாடே எமனாகிவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடும் நாளெல்லாம் கானைப் பார்ப்பதும் படிப்பகத்தைப் பூட்டுவதும் செயலாளரின் கடமை என்று எழுதி வைத்துவிட்டோம்.

வெளிச்சத்துக்கு, வாசிப்பு மேசைகளைக் கிழக்கு யன்னலோரம் நகர்த்தினோம். அலுமாரிகள் வெயில் படாத உள்பக்கம் போயின. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரே பாதி விளக்கு. பழைய 40 வாட் குழல் விளக்கு ஒன்பதும், சோக்கையும் சேர்த்து 450 வாட் அளவு இழுத்தன. இப்போது 18 வாட் எல்ஈடி ஒன்பது. தினம் நான்கு மணிநேரம் எரித்தால் மாதம் 54 யூனிட் போன இடத்தில் 20 யூனிட்டுக்குள் நிற்கும். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் என்று கட்டணம் ஏறியபோது நாம் சாயங்காலமே பூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே நம் மலையாறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார், 1950இல் லக்சபானை நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த வெளிச்சம் பக்கத்து லயத்துக்கு வந்து சேர எத்தனை காலமானது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சூரியப் படல் வைக்கவில்லை. 20 யூனிட்டுக்காகப் பெருந்தொகை போட வேண்டாம் என்றது பெரும்பான்மை. 2022இன் 13 மணிநேர மின்வெட்டில் மெழுகுதிரியில் படித்த பிள்ளைகளை மறந்துவிட்டீர்களா என்று இருவர் கேட்டார்கள். அந்த மறுப்பு கூட்டக் குறிப்பில் இருக்கிறது. எனக்கும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

இனிமேல் உங்கள் பங்கு. அலுமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்க வேண்டும். இடமில்லையென்று பின்னுக்குத் தள்ளாதீர்கள். யன்னலை நினைத்த நேரம் திறக்கக் கூடாது. மூடுபனி இறங்கும்போது திறந்தால் வெளி ஈரத்தை நாமே விருந்துக்குக் கூப்பிட்டது போலத்தான். வாசலருகே ஈரமானி மாட்டி, பக்கத்தில் கொப்பியும் தொங்கவிட்டிருக்கிறோம். முறைக்காரர் காலையும் மாலையும் முள்ளைப் பார்த்து எழுதுவார். வெயில் விழுந்து முள் இறங்கினால் திறப்பார். புத்தகத்துக்குப் பொலித்தீன் உறை இனி வேண்டாம், உள்ளே வியர்க்கிறது. காக்கித் தாள் போதும். கட்டு விட்ட புத்தகங்களுக்கு மாப்பசையில் பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் துத்தம் கலந்து நாமே ஒட்டுகிறோம். பூச்சி உருண்டை போடுவதை நிறுத்தியாயிற்று. அந்த வாடையில் தலைவலி வந்தது புத்தகப் பூச்சிக்கல்ல, படிக்க வந்த பிள்ளைகளுக்குத்தான்.

கணக்குத் தாளும் பற்றுச்சீட்டுகளும் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேர், அதாவது ஒரு நாள், சம்பளம் கொடுத்தீர்கள். வேலை குறைந்த மாதத்தில் அரைப்பேர் மட்டும் கொடுத்தவர்களின் பெயரும் அதே பட்டியலில்தான், தொகை போடாமல். பழைய சீமெந்துப் பூச்சின் இடிபாடு கான் அடியில் நிரப்பப்பட்டது, விற்கவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் இது.

கடைசியாக ஒன்று. வேலை நடக்கும்போது புத்தகங்களை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தோம். பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. மேல் லயத்துப் பெரியம்மா ஒருவர் தன் பங்கு முப்பது புத்தகத்தையும் அடுப்புக்கு மேலிருக்கும் பரணில், சாக்கு விரித்து வைத்திருந்தார். நாங்கள் தலையில் கை வைத்தோம். இறக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் புகை வாடை, தாள் கொஞ்சம் பழுப்பு, ஒன்றில்கூடப் பூஞ்சணம் இல்லை. ஏட்டுச் சுவடியை அடுப்பங்கரைப் புகையில் தொங்கவிட்ட காலத்து ஆட்களின் பேத்திதானே. இன்னும் நாற்பத்தொரு புத்தகம் வர வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முன் கொண்டுவந்து தாருங்கள். புகை வாடை அடித்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்