புளியரை இறக்கத்தில் உதவிய அண்ணாச்சிக்கு நன்றி

புனலூரில் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, புளியரை எஸ் வளைவுக்குச் சற்று மேலே எங்கள் பழைய காரின் கியர் லிவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. எந்தப் பக்கம் தள்ளினாலும் கியர் விழவில்லை. பின் சீட்டில் அம்மா. 744 நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

பைக்கை ஓரங்கட்டி வந்த அந்த அண்ணாச்சி பெயர்கூடச் சொல்லவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தவர், "கிளட்ச் நல்லாத்தான் இருக்கு தம்பி, கியர் கேபிள்தான் போச்சு" என்றார். கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிள் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ் தேய்ந்து, முனை கழன்று தொங்கியது. உள்கம்பியும் இழை இழையாகப் பிரிந்திருந்தது. இன்ஜினை அணைத்து, கையாலேயே செகண்ட் கியரில் தள்ளிவிட்டார். "இதே கியர்ல இறங்குங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க" என்று சொல்லி, செங்கோட்டை வரை முன்னாலேயே வந்தார்.

மறுநாள் புது கேபிளையும் அவரே போட்டார். பழையதை உருவும்போதே அது போகும் வழியைக் கவனித்துக்கொண்டார். சைலன்சர் சூடு படக்கூடாது, எங்கேயும் மடங்கக்கூடாது, மடங்கினால் உள்கம்பி பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். லிவரை நியூட்ரலில் நிறுத்தி அட்ஜஸ்ட் செய்தார். ரிவர்ஸ் சுத்தமாக விழும்வரை விடவே இல்லை. இவ்வளவு பொறுமையாக வேலை செய்பவரை நான் பார்த்ததில்லை.

கேபிள் விலைக்கு மேல் டீக்காசுகூட வாங்கவில்லை. அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அடுத்த முறை அவசியம் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.