திமிங்கலம் பார்க்கப் படகு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த கலிபோர்னியா பயணக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் சாம்பல் திமிங்கலம் பார்க்க வேண்டுமென்றால் படகுக்கு முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் வருடம் நாங்களும் படகில்தான் போனோம். கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மகனுக்குக் குமட்டல், அவனைப் பார்த்து எனக்கும், காலையில் சாப்பிட்ட பொங்கல் மொத்தமும் காகிதப் பையில். மைக்கில் ஒருவர் "இடதுபக்கம், இடதுபக்கம்" என்று கத்துகிறார், எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள், நான் கடைசிவரைக்கும் பார்த்தது முன்னால் நின்றவரின் முதுகுப்பையை மட்டும்தான். நாலு பேருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் இந்த நாட்டில் திமிங்கலம் பார்க்கும் வழக்கம் கரையில்தான் தொடங்கியது. 1950-இல் சான் டியாகோவில், காப்ரியோ தேசிய நினைவிடம் இருக்கும் மேட்டில், பொதுமக்கள் நின்று பார்க்க இடம் ஒதுக்கினார்கள். அந்த முதல் வருடமே சுமார் 10,000 பேர் வந்தார்களாம். ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு படகு ஓட்டத் தொடங்கியது அப்புறம், 1955-இல்.

எங்களுக்குப் பக்கம் ராஞ்சோ பாலோஸ் வெர்டெஸ். அங்கே பாயின்ட் விசென்டே என்று ஒரு முனை, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் செங்குத்தான பாறைக்கரை, பக்கத்தில் 1926-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். நின்று பார்க்கக் காசு கிடையாது. மேலே இருக்கும் பார்வையாளர் மையக் கட்டடத்துக்குப் பின்புறம் கடலைப் பார்த்து நாற்காலி போட்டுச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் பைனாகுலர், கையில் பென்சில். திமிங்கலங்களைக் காக்கப் பாடுபடும் அமெரிக்கன் சீடேசியன் சொசைட்டி என்ற அமைப்பின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளைக்காரர்கள். 1984 முதல் இங்கே இருந்து எண்ணுகிறார்கள், டிசம்பர் 1 தொடங்கி மே மாதம் வரை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. யாரும் சம்பளத்துக்கு வருபவர்கள் இல்லை.

அவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாதான் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். நான் வந்ததும் வராததுமாகப் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கும் இங்கும் துழாவுவதைப் பார்த்துவிட்டு, "அதைக் கீழே வை, வெறும் கண்ணால் தேடு, புகை தெரிந்தபிறகு எடு" என்றார். சரி என்று கீழே வைத்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை, அலை, கடற்பறவை, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். அப்புறம் கரையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், யாரோ பீடிப் புகையை ஊதிவிட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு எழும்பிக் கரைந்தது. மூச்சு! நேர் எதிரே பார்த்தால் அது இதய வடிவத்தில் தெரியும், மூச்சுத்துளை இரண்டு இருப்பதால் அப்படி. பத்துப் பதினைந்து அடி உயரம் எழும்பும். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் புகைதான்.

அதற்குப் பிறகு சாம்பல் நிற முதுகு ஒன்று மெதுவாக உருண்டது. முதுகுத் துடுப்பு இந்தத் திமிங்கலத்துக்குக் கிடையாது, ஒரு சின்னத் திமில், அதற்குப் பின்னால் வால் வரைக்கும் முட்டு முட்டாகப் புடைப்பு. தோலெல்லாம் கொட்டலசு என்ற ஓட்டு உயிரி ஒட்டி வெள்ளை வெள்ளையாகத் திட்டு, பழைய தோணியின் அடிப்பக்கம் மாதிரி. நாலைந்து மூச்சு விட்டுவிட்டு வாலைத் தூக்கி முங்கியது, முங்கின இடத்தில் எண்ணெய் ஊற்றினாற்போல வழவழவென்று ஒரு வட்டம். அதைக் "காலடி" என்கிறார்கள். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிடம், கொஞ்சம் இடதுபக்கம் பார்" என்றார். சொன்ன இடத்திலேயே வந்தது. ஜனவரியில் எல்லாம் இடதுபக்கம், அதாவது தெற்கே, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா உப்பங்கழிகளுக்குப் போகும், அங்கேதான் குட்டி போடும். பிப்ரவரிக்கு மேல் வலதுபக்கம் திரும்பி வரும். குட்டியோடு வருகிற தாய்கள் கடைசி, ஏப்ரல், மே மாதங்களில். கொலைத்திமிங்கலத்துக்குப் பயந்து கரையோரக் கடற்பாசிக் காட்டை ஒட்டியே அவை வருவதால், மேட்டிலிருந்து பார்த்தால் காலுக்குக் கீழே போகிற மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம், இதுதான் என்னை எழுத வைத்தது. கட்டுரையில் 27,000 சாம்பல் திமிங்கலம் இருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். அது 2016 கணக்கு. 2025-இல் அமெரிக்கக் கடல்துறை விஞ்ஞானிகள் மதிப்பிட்டது சுமார் 13,000, கிட்டத்தட்ட பாதி, 1970-களுக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. அந்த வருடம் வடக்கே போன குட்டிகள் சுமார் 85 தான். அரசாங்கத்தின் இந்தக் கணக்கும் படகிலிருந்து எடுத்ததில்லை. கார்மல் ஊருக்குத் தெற்கே கிரானைட் கேன்யன் என்ற இடத்தில் ஆட்கள் கரையில் நின்று எண்ணுவதுதான் அதற்கு அடிப்படை, 1967 முதல் மத்திய கலிபோர்னியக் கரையில் இப்படித்தான் நடக்கிறது.

ஏன் குறைந்தன என்றால், இவை வருடம் முழுக்க வேண்டிய சாப்பாட்டைக் கோடையிலேயே வடக்கே முடித்துவிட்டு வருபவை, வழியில் பெரும்பாலும் பட்டினிதான். அலாஸ்காவை ஒட்டிய பெரிங், சுக்சி கடல்களில் ஒருக்களித்துப் படுத்துச் சேற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் இறால் மாதிரியான பொடி உயிர்களைச் சலித்துத் தின்னும். பனிக்கட்டியின் அடியில் வளரும் பாசி கீழே விழுந்துதான் அந்தப் பொடி உயிர்களுக்கு இரை. பனி குறைந்தால் பாசி குறையும், மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். 2019 முதல் 2023 வரை எலும்பும் தோலுமாக நிறைய கரை ஒதுங்கின. எங்கள் ஊர்ப்பக்கக் கடற்கரையில் ஒன்று கிடந்ததை நானே பார்த்தேன், கழுத்துப் பக்கம் குழி விழுந்திருந்தது.

வர நினைக்கும் வாசகர்களுக்கு: ஜனவரி நடுவில் வாருங்கள், காலையிலேயே வந்துவிடுங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், காற்று எழுந்து கடல் நுரைக்கத் தொடங்கிவிட்டால் எது மூச்சு எது அலை என்று பிரிக்க முடியாது. ஸ்வெட்டர், ஃபிளாஸ்க்கில் காபி, இரண்டு மணி நேரப் பொறுமை. சில நாள் ஒன்றுகூட வராது, அதற்கும் தயாராக வாருங்கள்.

அடுத்த இதழில் அந்த 27,000-ஐ மட்டுமாவது திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
டாரன்ஸ், கலிபோர்னியா