உளுந்தின் வேரை மண்ணிலேயே விடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பர்மாவின் பெகு வட்டாரத்தில் மூன்று தலைமுறையாக நெல்லும் உளுந்தும் பயிரிட்டு வரும் குடும்பம் எங்களுடையது. நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தை நம்பி விதைக்கும் உளுந்து, மாசி, பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். இம்முறை கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, வரப்போரம் பச்சையாக நின்ற பிந்திய செடி ஒன்றைப் பிடுங்கி, "தாத்தா, வேரில் ஒட்டியிருப்பது பூச்சி முட்டையா?" என்று கேட்டாள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகள் அவை என்று சொல்லி, ஒன்றை நகத்தால் கீறி உள்ளிருந்த இளஞ்சிவப்பைக் காட்டினேன்.

இந்தியாவுக்குக் கப்பலேறும் உளுந்தை விளைவிக்கும் நம்மவர் பலர், ஆள் கிடைக்காத அவசரத்தில் செடியை வேரோடு பிடுங்குவதும், காய்களை அடித்துப் பயறெடுத்தபின் எஞ்சும் பொட்டுக்கு, அதாவது காய்ந்த செடி, தோல் சக்கைக்கு, தீ வைப்பதும் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன. தரையை ஒட்டி அரிவாளால் அறுத்தால் வேர் மண்ணிலேயே மக்கி அடுத்த நெல்லுக்கு உதவும். பொட்டோ, புல் கருகிக் கிடக்கும் சித்திரையில் மாடுகளுக்கு நல்ல தீனி. எங்கள் காளைகள் வைக்கோலை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் தேடும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிப் படாவ் மரத்தைப் பூக்க வைக்கும் முதல் மழைக்குள் பொட்டைப் போராகக் குவித்து மூடிவிட வேண்டும். நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆண்டுதோறும் அறுவடைக்கு முன்பே, தை மாதத்தில், இத்தகைய உழவுக் குறிப்புகளைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உழவர், பெகு வட்டாரம், பர்மா