போலீஸ் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் கீழமை நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். உங்கள் படங்களை முதல் நாளே பார்த்துவிடுகிற ஆளும்கூட. அதனால் இதைச் சினிமா பிடிக்காதவனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்துபோனார்கள். அப்போது உங்களில் ஒருவரான ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். பெரிய மனசு வேண்டும் அதற்கு. ஆனால் அந்தப் பேச்சு சில வாரங்களிலேயே அடங்கிவிட்டது.

ஹீரோ அடிப்பதோ சுடுவதோகூட எனக்குப் பெரிய குறையில்லை. அவரைத் தடுக்க வருகிறவர்களை நீங்கள் காட்டும் விதம்தான் உறுத்துகிறது. மனித உரிமை அதிகாரி என்றால் கோமாளி. வக்கீல் என்றால் ஜாமீன் பேப்பரோடு வந்து இளிக்கும் கைக்கூலி. நீதிமன்றம் என்றால் வில்லன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கி வரும் படிக்கட்டு. தமிழ் ‘சிங்கம்’ 2011இல் இந்திக்குப் போனது. 2023இல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அந்த வகைப் படங்களைக் குறிப்பிட்டு, நீதிபதிகளைத் தடிமனான கண்ணாடி போட்ட பயந்தாங்கொள்ளிகளாகக் காட்டுகிறார்கள், நடைமுறையைத் தாண்டினால்தான் நியாயம் கிடைக்கும் என்ற ஆபத்தான செய்தி போகிறது என்று பேசினார். சரக்கு இங்கிருந்து போனதுதான்.

அந்த நடைமுறை ஒன்றும் குற்றவாளியைக் காப்பாற்ற யாரோ செய்த சதி இல்லை. 1855இலேயே மதராஸ் மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்திருக்கிறது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் விரல்களுக்குக் கிட்டி போட்டு நெரித்தது வரை அதில் பதிவாகியிருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்று அரசியலமைப்பும் சொல்கிறது. அடி வாங்கிய ஊருக்குத்தான் இந்த விதிகளின் அருமை தெரிய வேண்டும். நாமோ இவை உடையும்போது விசிலடிக்கிறோம்.

ரிமாண்ட் நேரத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இருபது வயதுப் பையன், கையில் மாவுக்கட்டு. “போலீஸ் அடித்தார்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பையன் பதில் சொல்லும் முன் திரும்பி, பின்னால் நிற்கும் காவலரின் முகத்தை ஒரு முறை பார்ப்பான். அப்புறம், “இல்லைங்கய்யா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.” அன்று மாலையே அந்த மாவுக்கட்டுப் படம் பின்னணி இசையோடு செய்தியில் ஓடும். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். அந்தப் பையன் செயின் பறித்தவனாகவே இருக்கட்டும். கையை உடைக்கும் தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அவன் பெரும்பாலும் எந்த ஊர்க்காரன் என்று உங்களுக்கே தெரியும். கஞ்சா, கத்தி, கானா என்றால் உங்கள் கேமரா நேராக வியாசர்பாடிக்கோ காசிமேட்டுக்கோ போய்விடுகிறது. வண்டிச் சோதனையில் முகவரியைச் சொன்னதும் எதிரே நிற்பவரின் குரல் மாறுவதை அங்கே பிறந்தவனைக் கேட்டால் சொல்வான். இதில் கொடுமை, சில பையன்கள் நீங்கள் எழுதிய அந்த ரவுடியையே தன் அடையாளமாக எடுத்துக்கொண்டு, கத்தியோடு ரீல்ஸ் போட்டு, அந்த ரீல்ஸாலேயே மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

அந்தப் பக்கம் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிற பையன் முறுக்கு மீசை, கூலிங் கிளாஸ், புல்லட் என்று தயாராகிறான். வேலைக்குச் சேர்ந்தால் பந்தோபஸ்து, சம்மன், ஸ்டேஷன் ரைட்டரிடம் திட்டு. கால் கடுக்க வெயிலில் நிற்கும் பெண் காவலருக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்காது. அவர்கள் பாட்டையும் நீங்கள் சொல்வதில்லை.

இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹைதராபாத் இருக்கிறது. 2019 டிசம்பர் 6 அதிகாலை, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். 2022இல், உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், இறந்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று அறிக்கை கொடுத்தது. அவர்கள்தான் செய்தார்களா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது.

போலீஸ் ஹீரோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாத்தான்குளத்தில் அன்றிரவு ஜெயராஜையும் பென்னிக்ஸையும் அடித்ததை, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். கூட வேலை பார்த்தவர்களுக்கு எதிராக, தன் வேலையையும் குடும்பத்தையும் பணயம் வைத்துச் சொன்னார். இதைவிட மாஸான இன்டர்வெல் பிளாக் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

அடுத்த படத்தில் உங்கள் இன்ஸ்பெக்டர் ஒரு தடவையாவது ஒழுங்காகச் சாட்சி தேடட்டும், தடய அறிக்கைக்கு மாதக்கணக்கில் அலையட்டும், குறுக்கு விசாரணையில் என்னைப் போன்ற ஆளிடம் சிக்கித் திணறி, கடைசியில் தண்டனையும் வாங்கிக் கொடுக்கட்டும். வசனத்துக்குப் பஞ்சமிருக்காது. எங்கள் நீதிமன்றக் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது, டிக்கெட்டும் கிடையாது. ஒரு நாள் உதவி இயக்குநர்களோடு வந்து பின் பெஞ்சில் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு உங்களுக்கு ரிலீஸ் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகனான ஒரு வழக்கறிஞர்