ஈப்பர் வரை எங்களைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். தெற்கு வேல்ஸின் ரொந்தா பள்ளத்தாக்கில் இயங்கும் எங்கள் ஆண்கள் பாடகர் குழு, இந்த ஆண்டின் போர் நினைவேந்தல் நிகழ்ச்சிகளை நிறைவாக முடித்திருக்கிறது. ஜூலை இறுதியில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலும் பிரான்சின் மமெட்ஸ் காட்டோரத்திலும் பாடினோம். நவம்பரில் எங்கள் ஊர் நினைவுத்தூணின் அடியில் பாடினோம். குழுவின் சார்பில் ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் நன்றிக் கடிதங்கள் ஏற்கெனவே போய்விட்டன. நடுத்தர ஆண்குரலான பாரிட்டோன் வரிசையில் நிற்கும் ஒரே தமிழன் என்பதால், தமிழில் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உதவியவர்களில் தமிழர்கள் பலர். கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர்களுக்கு விவரமாகத் தெரிய வேண்டும். பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் குழுவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பள்ளத்தாக்கில் பாட்டு வளர்ந்தது சுரங்கத்தையும், சேப்பல் என்று இங்கே சொல்லும் சிறு தேவாலயத்தையும் ஒட்டித்தான். பகலில் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியவர்கள் மாலையில் சேப்பலின் பின்கூடத்தில் நான்கு குரல்களாகப் பிரிந்து நின்று பாடினார்கள். 1990 டிசம்பரில் மார்டி சுரங்கத்தை மூடியதோடு ரொந்தாவில் கரி வெட்டுவது முடிந்துபோனது. பாட்டு முடியவில்லை. இன்று குழுவில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள், ஆசிரியர்கள், ஒரு தபால்காரர், லாரி ஓட்டுநர்கள், இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்சான நான் என்று எல்லா வகையினரும் இருக்கிறோம். பாளையங்கோட்டையில் சின்ன வயதில் சர்ச் கொயரில் படித்த சொல்ஃபா எழுத்துகளை (டோ, ரே, மீ என்று ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) இங்கே பழைய பாட்டுத்தாள்களில் மறுபடி கண்ட அன்றே இது என் இடம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் நன்றி சேப்பல்காரர்களுக்கு. ஞாயிறு ஆராதனைக்கு வரும் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்ட அந்தச் சபை, வாரம் இரண்டு மாலை தன் பின்கூடத்தை எங்களுக்கு வாடகை வாங்காமல் திறந்துவிடுகிறது. ஹீட்டரைத் தொடவே யோசிக்க வேண்டிய காலம் இது. ஆனாலும் நாங்கள் போய்ச் சேரும்போது கூடம் இதமாக இருக்கும். யார் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று விசாரித்துப் பார்த்ததில், எண்பதைக் கடந்த சபை ஊழியரான ஒரு டீக்கனும் அவர் மனைவியும் என்று தெரிந்தது. அம்மா, ஐயா, உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்து, இப்போது பாட முடியாமல் கூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மூத்த பேஸ் (கீழ்க்குரல்) பாடகருக்கு. இளவயதில் சுரங்கத்தில் இறங்கியவர். கரித்தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. ஒரு வரியை முழுதாகப் பாட மூச்சு வராது. ஆனால் மூச்சைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர் எங்களில் யாருமில்லை. உரக்கப் பாட யாராலும் முடியும், மெதுவாகப் பாடத்தான் மூச்சு நிறைய வேண்டும் என்பார். நினைவேந்தல் பாட்டுகள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில், நீண்ட வரிகளாகப் போகிறவை. பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நாம் எடுக்கக் கூடாது, அவர் மறுபடி குரலுக்குள் வந்து சேரும் வரை நாம் வரியைத் தாங்க வேண்டும். யார் எங்கே எடுப்பது என்று ஒவ்வொருவருக்கும் தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்தவர் அவர்தான். பயணத்துக்கு மருத்துவர் அனுமதிக்கவில்லை. ஈப்பரில் நாங்கள் பாடியதில் எங்கும் மூச்சு உடையவில்லை என்பதை அவருக்குச் சொல்லிவிட்டோம். இங்கும் பதிந்து வைக்கிறேன்.

எங்கள் பியானோ வாசிப்பாளர் அம்மையார் மேலிருந்து கீழாக முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிட்டோன், பேஸ் என்று நான்கு குரல்களையும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பினார். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு அது பெரிய உதவி. ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில், இரவு வேலைக்கு முன்னால், அவர் வாசிப்போடுதான் நான் பாடிப் பழகினேன். வெல்ஷ் உச்சரிப்புக்கு ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். என் வார்டில் கோட்டயத்துச் சேச்சியும் மணிலாவிலிருந்து வந்த தம்பியும் தங்கள் விடுப்பை மாற்றிக்கொண்டு என்னை அனுப்பி வைத்தார்கள். அவர்கள் நின்ற இரவுகளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி நம்மவர்கள். ஸ்வான்சீ, நியூபோர்ட் குடும்பங்கள் பொங்கல் விழாவில் எங்களுக்கென்று தனியாக உண்டியல் வைத்தீர்கள். பேருந்து வாடகையில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் போனது. அது போதாதென்று வழிக்குக் கட்டுச்சோறும் கட்டிக் கொடுத்தீர்கள். டோவரில் கப்பலுக்குக் காத்திருந்த விடியற்காலையில் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வெல்ஷ்காரர்கள் கையில் ஏறி ஒரு பருக்கை மிஞ்சாமல் போனதைப் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பீர்கள்.

கார்டிஃபில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரோல்ஸும் பற்றிஸும் தண்ணீர்ப் போத்தல்களும் பெட்டி பெட்டியாக ஏற்றிவிட்டு, பணம் கொடுக்கப் போன என்னிடம், “தம்பி, செத்தவைக்குப் பாடுறதெண்டால் நான் காசு வாங்கமாட்டன்” என்றார். மே 18 அன்று அவர் கடை அடைத்திருக்கும் என்பது இங்குள்ள தமிழர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அண்ணை, உங்கள் கை தொட்ட சோறு உண்டுதான் அங்கே பாடினோம்.

ஈப்பரைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன். நகரின் கிழக்கு எல்லையில் மெனின் வாயில் இருக்கிறது. முதல் உலகப் போரில் இந்த ஊரைச் சுற்றி இறந்து, கல்லறை எதுவென்று தெரியாமல் போன 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அதன் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். 1927இல் திறந்த வாயில் அது. மறு ஆண்டிலிருந்து இரவு 8 மணிக்கு அதன் கீழே பியூகிள் என்ற படை ஊதுகொம்பில், இறந்த வீரர்களுக்கு விடைதரும் லாஸ்ட் போஸ்ட் இசையை ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில் மட்டும் அந்தச் சடங்கு இங்கிலாந்தின் புரூக்வுட் படைக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படையினர் ஊரை மீட்டார்கள். மற்றப் பகுதிகளில் சண்டை ஓயாதிருக்கும்போதே, அன்று மாலையே மறுபடி வாயிலில் ஊதியிருக்கிறார்கள். மழை, பனி, கொண்டாட்டம், துக்கம் எதற்கும் விடுமுறை இல்லை. ஊதுகிறவர்கள் அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் வழியில் வந்த தன்னார்வலர்கள். எங்கிருந்தோ வந்து இறந்த பிள்ளைகளுக்காக ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவருகிறது. அந்த ஊராருக்கும், நிகழ்ச்சியில் பாட எங்களுக்கு இடம் தந்த லாஸ்ட் போஸ்ட் சங்கத்தாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வளைவின் கீழ் பாடுவது எளிதல்ல. நீண்ட குகைபோல் வளைந்த கூரை, இரு முனையும் திறப்பு. விட்ட குரல் சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பி வரும். பின்கூடத்தில் பழகிய வேகத்தில் பாடினால் முன் வரியும் பின் வரியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். எங்கள் இசை இயக்குநர் அன்று மதியமே வந்து கைதட்டிக் கேட்டுப் பார்த்து, வரி முடிவுகளில் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று அளந்து வைத்திருந்தார். மலர்வளையம் வைக்கும் நேரத்தில் நாங்கள் பாடினோம். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பாட்டு நின்ற பிறகு கூரையில் சற்று நேரம் குரல் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. பாடியவனாக என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் ஊரில் தொண்ணூறு வயதை எட்டிய ஒரு பாட்டியம்மா தன் பெரியப்பாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். வெல்ஷ் ரெஜிமென்ட்காரர், 1917 ஜூலை 31 அன்று இறந்தவர், உடல் கிடைக்கவில்லை. அன்றுதான் மூன்றாம் ஈப்பர் போர் தொடங்கியது. வேல்ஸ்காரர்களின் படைப்பிரிவான 38ஆம் டிவிஷன் பில்கம் மேட்டை நோக்கிப் போன நாள். பெயர் சுவரில் உயரத்தில் இருந்ததால் கண்ணுக்கு எட்டவில்லை. அங்கே நின்றிருந்த ஈப்பர் நகரத்துப் பெண்மணி ஒருவர் தன் பையிலிருந்து பைனாகுலரை எடுத்துக் கொடுத்து, வரிசையைக் கையால் காட்டினார். பெயரைப் படமெடுத்து வந்து பாட்டியம்மாவிடம் கொடுத்தோம். அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்க வாய்க்கவில்லை. இந்த நன்றி அவருக்கும் சேர்த்து.

அதே வாயிலில் இந்தியப் படையினர் நானூறு பேருக்கு மேல் பெயர் கொண்டிருக்கிறார்கள். 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர் இங்கே விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள். நான்கே நாளில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷனைத் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். சீக்கியர், பட்டாணியர், பலூச்சிப் படைப்பிரிவினர் வெட்டவெளியில் ஏறிப்போய் விழுந்தார்கள். மதிலோரப் புல்வெளியில் அவர்களுக்கென்று தனி நினைவிடம் உண்டு. அங்கேயும் ஒரு மலர்வளையம் வைக்கலாமா என்று நான் கேட்டேன். குழுவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை எல்லோரும் பிளேசர் அணிந்து, டை கட்டி, முழு வரிசையாக வந்து நின்றார்கள். தோழர்களே, அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன்.

லாங்கமார்க் ஊருக்குப் பக்கத்தில் வேல்ஸ் நினைவுப் பூங்கா இருக்கிறது. 2014 ஆகஸ்டில் திறந்தது. பெரிய கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த கற்திட்டை, அதன்மேல் செந்நிற டிராகன். அந்தக் கற்கள் எங்கள் பக்கத்துப் பொன்டிப்ரீத் கல்குவாரியிலிருந்து போனவை. எங்கள் தெரு வீடுகளைக் கட்டியதும் அந்த வகைக் கல்தான். எங்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நின்றார்கள்.

அருகில் ஆர்ட்டிலரி வுட் கல்லறைத் தோட்டத்தில் ஹெத் வின் என்ற புனைபெயர் கொண்ட கவிஞர் கிடக்கிறார். வடக்கு வேல்ஸின் மலைக்கிராமத்தில் ஆடு மேய்த்தவர். 1917 ஜூலை 31 அவருக்கும் கடைசி நாள். வேல்ஸின் தேசியக் கலைவிழாப் போட்டிக்குப் போருக்கு வந்த இடத்தில், பிரான்சிலிருந்து கவிதை அனுப்பியவர். செப்டம்பர் 6 அன்று விழா மேடையில், வென்றவர் போட்டிக்கென்று வைத்திருந்த புனைபெயரை மூன்று முறை அழைத்தார்கள், யாரும் எழவில்லை. வென்றவருக்குப் பரிசாகத் தரும் நாற்காலியைக் கறுப்புத் துணியால் போர்த்தினார்கள். அவர் கல்லறை முன் நாங்கள் பாடியது ஒரே ஒரு பாட்டு. அதற்குமேல் எங்கள் முதல் டெனர்களால் முடியவில்லை. புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லின் காலடியிலும் செடி பூக்க வைத்திருக்கும் தோட்டக்காரர்களைத் தூரத்தில் பார்த்தோம். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பாட்டு முடியும் வரை தொப்பியைக் கழற்றி நின்றார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

திரும்பும் வழியில் மமெட்ஸ். 1916 ஜூலையில் இந்தக் காட்டைப் பிடிக்க 38ஆம் டிவிஷன் சில நாட்களுக்குள் நாலாயிரம் பேர் வரை இறந்தும் காயப்பட்டும் காணாமல் போயும் இழந்தது. ரொந்தாவில் திரட்டிய இரண்டு பட்டாலியன்கள் அதில் இருந்தன. சுரங்கத்திலிருந்து நேரே பட்டாளத்துக்குப் போனவர்கள். 1987இல் வைத்த டிராகன் சிலை, முள்கம்பியைக் கிழித்துப் பிடித்தபடி இன்றும் காட்டைப் பார்த்து நிற்கிறது. அங்கே போகும் பாதை குறுகலான வண்டிப்பாதை. பேருந்து ஒரு கட்டத்துக்கு மேல் போகாது. நடக்க முடியாத எங்கள் முதியவர்களை அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் வேனில் ஏற்றி இறக்கிக் கொடுத்தார். காசு நீட்டியதற்குத் தலையை அசைத்துவிட்டார். பேருந்து ஓட்டுநர் அந்தச் சந்தில் வண்டியைத் திருப்பிய லாகவத்தையும், இரவு பகல் பாராமல் எங்களைப் பத்திரமாக வீடு சேர்த்ததையும் குழு முழுவதும் நன்றியோடு நினைக்கிறது.

நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறு அன்று ஊர் நினைவுத்தூணில் நல்ல மழை. திறந்தவெளியில் குரல் நிற்காது என்பதால் லாட வடிவில் நெருங்கி நின்றோம். சாரணர் பிள்ளைகள் எங்கள் பின்னால் வந்து, கேட்காமலே மூத்தவர்கள் தலைக்குமேல் குடை பிடித்தார்கள். தாங்கள் நனைந்துகொண்டு பிடித்தார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு நன்றி.

கணக்கு விவரம்: பயணச் செலவு போக மிஞ்சிய தொகையில் ஒரு பகுதி சேப்பலின் ஹீட்டர் செலவுக்கும், மீதி நினைவுத்தூணில் மங்கிப்போன பெயர்களுக்கு மறுபடி வண்ணம் தீட்டவும் குழுவின் செயற்குழு ஒதுக்கியிருக்கிறது. உண்டியலில் போட்டவர்கள் எவரும் கணக்குப் புத்தகத்தை வந்து பார்க்கலாம்.

கட்டுச்சோறு வந்த தூக்குகளும் எவர்சில்வர் டப்பாக்களும் கழுவித் துடைத்துப் பின்கூடத்து அலமாரியில் இருக்கின்றன. செவ்வாய் அல்லது வெள்ளி மாலை ஏழு மணிக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பயிற்சி நடந்துகொண்டிருக்கும், உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் வளர்ந்த பையன்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள், இரண்டாம் டெனரில் ஆள் குறைவாக இருக்கிறது.

நன்றியுடன்,
குழுவின் சார்பில்,
பாரிட்டோன் வரிசையிலிருந்து உங்கள் அன்பன்