கடைசியில் நடப்பவளின் விசில்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் நான்கு பக்கம் கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உன்னால்தான் முடியும். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை மாறிப் பெங்களூருக்குப் போய்விட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. வெயில் இன்னும் அடங்கவில்லை. மூன்று மணிக்கு மேல் கடல் காற்று வந்தால்தான் மூச்சு விட முடிகிறது.

நீ எழுதியதில் இரண்டாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்ததும் உங்கள் ஊர்ப் பள்ளியில் சாரணியர் படையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்! பள்ளியில் நம் சாரணியர் அணிக்கு நீ தலைவியாக இருந்தபோது உன் பின்னால் நடந்தவள் நான். அந்தப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். தாராளமாக ஒத்துக்கொள். படை நடத்துகிறவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி (பேசிக் கோர்ஸ்) எப்போது நடக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் உடனே கேட்டு வை. பழைய ஞாபகத்தை மட்டும் நம்பி இறங்காதே. நாம் சிறுமிகளாக நடந்தது வேறு, சிறுமிகளை நடத்திக் கூட்டிப்போவது முற்றிலும் வேறு.

முதல் வேலையாகப் பிள்ளைகளை அகஸ்தியர் அருவிப் பக்கம் நடக்கக் கூட்டிப்போகப் போவதாகவும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். சாமான்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் வேறொன்று. உன்னைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

சம்பளம் வாங்காமல் ஒரு வேலையைச் செய்கிறவரை நம் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. 'பாவம், சொந்த நேரத்தைச் செலவழித்து நம்ம பிள்ளைங்களைப் பார்த்துக்கிறாங்க, அவங்களைப் போய் எப்படிக் கேட்பது' என்று இருந்துவிடுவார்கள். தலைமையாசிரியை, பெற்றோர், கூட வரும் உதவியாளர் என எல்லோரும் அப்படித்தான். அந்த மரியாதை மனதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் காட்டுப் பாதையில் எனக்குப் பாம்பை விட இந்த மரியாதையைக் கண்டுதான் பயம். எங்கள் பகுதியில் ஒரு கோடை முகாமில் பிள்ளைகளை வேனில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பும்போது வழியில் டீக்கடையில் நிறுத்தியதில் ஒரு பையன் அங்கேயே நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கூடப் போனவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள், தொண்டாகச் செய்தவர்கள். தலையை எண்ணுவது யார் பொறுப்பு என்று புறப்படுவதற்கு முன் ஒருவர்கூட அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் இங்கே நடத்தும் சாரணியர் படையின் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின வாரம் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறேன். கேளுங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். 'டீச்சர் நீங்க இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை' என்பார்கள். அதனால் கேள்விகளையும் நானே தாளில் எழுதிக் கொடுத்து ஆளுக்கொன்றாக வாசிக்கச் சொல்கிறேன். முதலுதவி தெரிந்தவர் யார்? பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனை எது, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம்? போன் சிக்னல் எந்த இடத்தோடு நின்றுவிடும்? எத்தனை மணி ஆனால், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவீர்கள்? முதல் தடவை கூச்சப்பட்டார்கள். இப்போது எழுதிக் கொடுக்காததையும் கேட்கிறார்கள். ஒரு அம்மா, 'நீங்களே மயங்கி விழுந்தா அடுத்தது யார் பொறுப்பு?' என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரியவர்கள் கேட்டால் மட்டும் போதாது, பிள்ளைகளும் கேட்க வேண்டும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் போட்ட முதல் முகாமிலேயே இருபது பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனையே தலைவனாக வைத்தார். இந்த இயக்கமே பொறுப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துத்தான் தொடங்கியது. ஆனால் நடைமுறையில் அணித் தலைவி என்றால் வரிசை நிற்க வைப்பவள், கொடி பிடிப்பவள் என்று சுருக்கிவிட்டோம். எங்கள் படையில் நடைப்பயணத்தின்போது கடைசியில் நடக்கிற பெண்ணுக்குத்தான் அதிக அதிகாரம். அவள் கழுத்தில் விசில் இருக்கும். அவள் ஊதினால் முன்னால் போகிற நான் உட்பட எல்லோரும் நிற்க வேண்டும். ஏன் ஊதினாய் என்று கேட்கலாம், ஏன் இதற்கெல்லாம் ஊதினாய் என்று கேட்கக் கூடாது. மெதுவாக நடப்பவள் வரிசையின் முன்னால் நடப்பாள், அவள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நன்றாக நடக்கிற, கண் கூர்மையான பெண் கடைசியில். அவளுக்குப் பின்னால் ஒருத்தரும் இருக்கக் கூடாது, உதவிக்கு வருகிற மூத்த சாரணி, ரேஞ்சர் அக்காவைத் தவிர.

போன குளிர்காலத்தில் குடியம் குகைக்குப் போனோம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், திருவள்ளூர் மாவட்டம். அருகிலிருக்கும் அதிரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ஆசை ஆசையாக வந்தார்கள். அந்தப் பாதை பார்க்கச் சாதுவாக இருக்கும். முட்புதரும் கூழாங்கல்லும்தான், பெரிய ஏற்றம் கிடையாது. நிழலும் கிடையாது. விடியற்காலை கிளம்பத் திட்டமிட்டிருந்தோம், வேன் தாமதமானதில் வெயில் ஏறிவிட்டது. பாதித் தூரத்தில் பின்னாலிருந்து விசில். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். தலைவலி, குமட்டல், முகமெல்லாம் வெளிறிப்போய் வேர்த்துக் கொட்டியது. பேச்சு தெளிவாக இருந்தது, அதனால் பயப்படவில்லை. இருந்த ஒரே மரத்தடியில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, ஸ்கார்ஃபை நனைத்துக் கழுத்தில் போட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அரை மணியில் எழுந்துவிட்டாள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ அது வேறு கதை. அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. அப்போது கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே 108க்குப் போன் செய்ய வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அவள் பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு பாட்டிலும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. ஏன்மா குடிக்கவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்துவிட்டு, 'டாய்லெட் இருக்காதுல்ல மிஸ், அதான்' என்றாள். விசாரித்தால் பாதிப் பிள்ளைகள் காலையிலிருந்து அப்படித்தான் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆண்கள் எழுதுகிற பாதுகாப்புக் குறிப்புகளில் இது வராது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று இருக்கும், அதைப் பிள்ளை ஏன் குடிக்க மாட்டாள் என்று இருக்காது. நம் பெண் பிள்ளைகள் பள்ளியிலேயே கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடுதான் மலைக்கும் வருகிறார்கள். அதனால் நீ முதலில் பாதையை நடந்து பார்க்கும்போதே ஒதுங்க எங்கே இடம் என்று குறித்து வை. இரண்டு பெரிய துப்பட்டாவும் கயிறும் இருந்தால் மறைப்பு தயார். புறப்படும் முன் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகச் சொல்: இன்ன இன்ன இடத்தில் நிற்போம், எல்லோரும் போகலாம், மாதவிடாய் நாளாக இருந்தால் பேட் இந்தப் பையில் இருக்கிறது, காகிதத்தில் சுற்றித் திரும்ப எடுத்துவர இந்த உறை. பெரியவள் வெட்கப்படாமல் சொன்னால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அன்று அங்கேயே திரும்பிவிட்டோம். குகையைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. மறுநாள் ஒரு அப்பா, அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் வந்தீர்களே, அந்த ஒரு பெண்ணை வேனில் உட்கார வைத்திருக்கலாமே என்றார். அடுத்த கூட்டத்தில் விசில் ஊதிய பெண்ணை முன்னால் அழைத்துக் கை தட்டச் சொன்னேன். உட்கார்ந்துவிட்ட பெண்ணையும் அழைத்தேன். நம் சாரணர் விதிகள் 9இல் 7ஆவது, சாரணர் தைரியசாலி என்பது. அத்தனை பேர் ஆசையாக நடந்துகொண்டிருக்கும்போது 'என்னால் முடியவில்லை' என்று உட்காருவதற்குத் தைரியம் வேண்டும் என்று சொன்னேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

இப்போது உன் அருவிக்கு வருகிறேன். அந்தப் பக்கம் முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கு, அவர்கள் அனுப்பும் ஆள் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதே. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். இங்கே சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலோர் பெண்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதக் கால் அதோடு போட்டி போட முடியாது. அந்த வாரம் முழுக்க இங்கே யார் வீட்டிலும் வேறு பேச்சு இல்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள், காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். முதல் நடைக்கு அதில் சுலபமான பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளேன். அருவி பிறகு ஆகட்டும்.

தண்ணீரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் போனானே, உங்கள் ஊர்ப் பிள்ளைதானே. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, செருப்பு கேமரா எதையும் தேடாமல் கரையேறிவிட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்க ஒருத்தியைக் காவலுக்குப் போடு. அவள் கையிலும் விசில்.

சாமான் கேட்டாயே. சுருக்கமாக: ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பிள்ளைகள் சின்ன பாட்டிலில் கொட்டிக் குலுக்குவார்கள், விடாதே. புது ஷூ வேண்டாம், பழகியதே போதும். சென்ட், வாசனைத் தைலம் வேண்டாம், பாறைகளில் மலைத்தேனீ இருக்கும். எல்லோருடைய வீட்டு நம்பரும் மருந்து விவரமும் காகிதத்தில், இரண்டு பிரதி, ஒன்று உன்னிடம், ஒன்று ஊரில் இருக்கும் ஆளிடம். போனை நம்பாதே.

பாம்புக்கு அகலமான கிரேப் பேண்டேஜும் நல்ல குச்சியும் இருந்தால் போதும், கடிபட்ட காலை அசையாமல் கட்டிவைக்கத்தான். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு. போன வருடம் பிள்ளைகளை மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் நஞ்செடுத்து, மருந்து தயாரிக்க அனுப்புகிறார்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்று கேட்டதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு முகாமில் தரையில் கொசுவலையில்லாமல் படுக்க ஒருத்தியும் சம்மதிப்பதில்லை.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். எந்தப் பெரியவரும், நீயும் நானும் உட்பட, ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும்படி எங்கும் வைக்காதே. கூடாரமோ, வேனோ, முதலுதவி அறையோ, எப்போதும் இரண்டு பெரியவர்கள். உதவிக்கு வருகிறேன் என்று ஆர்வமாக வருகிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் இந்த விதி அவருக்கும்தான். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். தொண்டுக்கு ஆள் கிடைப்பதே அரிது என்று பள்ளியில் சொல்வார்கள். ஆள் இல்லாவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடு, பள்ளி மைதானத்தில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடு. இரண்டு துணை ஆசிரியைகள் கிடைக்கும்வரை நீ காட்டுப் பக்கம் போகாதே என்பதுதான் என் கட்சி.

உன் பயணத் திட்டத்தை, நேரம், பாதை, கூட வருபவர்கள், திரும்பும் மணி எல்லாவற்றோடும் எழுதி எனக்கு அனுப்பு. நான் சிவப்பு மையில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் படையின் அடுத்த திட்டத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே செய். தயவு தாட்சண்யம் பார்க்காதே. வேன் ஓட்டுநர் விஷயத்தில் எனக்கே இன்னும் திருப்தியில்லை, அதை முதலில் பார்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அணித் தோழி
சென்னை